கப்பலடியில் மாண்டவர்கள்

கல்கத்தாவில் ஹூக்ளி நதியோரம், பிரின்செப் படித்துறைக்குச் சமீபத்திலுள்ள ஹேஸ்டிங்ஸ் பகுதியில், நான்கு முகங்களிலும் பண்டைக்காலத்து மரக்கலத்தின் முகப்பு புடைத்து நிற்க, உச்சியில் குவிமாடம் தாங்கி எழுந்துள்ள ஞாபகச் சின்னத்தை, மாலைக் காற்று வாங்க வருவோரில் பெரும்பாலோர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். 1924-இல் வங்காள கவர்னர் லிட்டன் பிரபு திறந்துவைத்த அது, முதல் உலக மகாயுத்தத்தில் மாண்ட 896 லஸ்கர்களுக்கு, அதாவது இந்தியக் கப்பல் தொழிலாளர்களுக்கு, உரியது.

லஸ்கர்கள் ஆயுதபாணிகள் அல்லர். ஸில்ஹெட், நவகாளி, சிட்டகாங் முதலிய ஜில்லாக்களின் ஏழைக் குடியானவர் வீடுகளிலிருந்து வந்து, கிதிர்பூர்த் துறையில் லஸ்கர்களின் தலைவனான சாரங்கின் தயவால் வேலை பெற்று, வெள்ளை மாலுமியின் சம்பளத்தில் ஒரு சிறு பங்குக்கே இசைந்து, நீராவிக் கப்பலின் அடித்தளத்தில் உலைக்கு நிலக்கரி வாரிப் போட்டவர்கள் அவர்களில் அநேகர். டார்பிடோ கப்பலைப் பிளக்கும்போது மேல்தளத்தில் நிற்பவனுக்குப் படகு கிட்டலாம்; உலைக்கூடத்தில் நிற்பவனுக்கு ஏணி ஏறவும் அவகாசமிராது. சென்னையின்மீது குண்டு பொழிந்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனை நாம் மறக்கவில்லை. அதே 1914 செப்டம்பரில் வங்கக்கடலில் வர்த்தகக் கப்பல்களை மூழ்கடிக்குமுன் சிப்பந்திகளை இறக்கிவிட எம்டன் காட்டிய தாட்சண்யத்தைப் பின்னாளைய நீர்மூழ்கிகளிடம் எதிர்பார்க்க முடியவில்லை.

அருகிலேயே, 1843-ஆம் வருஷத்துக் குவாலியர் யுத்தத்தில் இறந்த படையினருக்காக எழுந்த மண்டபத்தை மிளகுப் புட்டி என்று பரிகாசமாகச் சொல்வதுண்டு. பரிகாசத்துக்கேனும் அதற்கு ஒரு பெயர் கிடைத்தது! லஸ்கர் சின்னமோ நெடுநாள் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1990-களில் கமோடோர் பிபு மொஹந்தியின் முயற்சியால் புனருத்தாரணம் பெற்றது.

ஏகாதிபத்திய சேவையில் இறந்தவர்களுக்குச் சுதந்திர இந்தியா ஏன் மரியாதை செய்ய வேண்டும் என்று கேட்போர் உண்டு. வீட்டுக்குப் பணம் அனுப்பக் கப்பலேறியவனை ஏகாதிபத்தியத்தின் பக்தனாகக் கருதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. சின்னத்திலுள்ள கல்வெட்டின் ஆங்கில வாசகம் அவனைக் கேட்டு எழுதப்பட்டதன்று. ஆகையால் 896 என்ற எண்ணோடு திருப்தியடையாமல், கிடைக்கக்கூடிய கப்பல் தஸ்தாவேஜுகளைத் தேடி, இறந்தவர்களின் பெயரையும் ஊரையும் வங்காளி லிபியில் அங்கே பொறிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அந்த வேலையில் டாக்கா சர்க்காரையும் சேர்த்துக்கொள்ளாமல் முடியாது. நவகாளியும் சிட்டகாங்கும், ஸில்ஹெட்டின் பெரும்பகுதியும் 1947-இல் எல்லைக்கு அப்பால் போய்விட்டன.