வெளியே நிற்கும் பெட்டி

பக்கத்து வீட்டு ராத்தா, மழையில் நனையுமே என்று ஏசியின் வெளிப்பெட்டியைச் சாக்கினால் இறுகக் கட்டி வைத்திருந்தார். "அறை குளிரவே இல்லை, கரண்ட் பில் மட்டும் ஏறுது" என்று குறைபட்டார். ஏறாமல் என்ன செய்யும்?

சகோதரிகளே, ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறையின் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. அறைக்குள் சூட்டை உறிஞ்சி வரும் வாயுவை, வெளிப்பெட்டியிலுள்ள கம்ப்ரஸர் அமுக்குகிறது. அமுக்கியதும் அது வெளிக்காற்றை விடச் சூடேறிவிடும். அதனால்தான் 33 பாகை வெயிலிலும் அந்தச் சூடு வெளியேற முடிகிறது. செப்புக் குழாயும் மெல்லிய அலுமினியத் தகடுகளும் சூட்டைப் பரப்ப, விசிறி காற்றை இழுத்து ஆற்றும். ஆறிய வாயு திரவமாகி, பின் அழுத்தம் குறைந்து குளிர்ந்து மீண்டும் அறைக்குள் வரும்.

அந்தக் காற்றை அடைத்தால் கம்ப்ரஸர் திணறும். சில வேளை கருகியும் போகும். பெட்டியைச் சுற்றி உடைந்த கதிரை, காட்போட் பெட்டி எதுவும் அடுக்க வேண்டாம். மழைக்குப் பயப்படவும் தேவையில்லை, நனையத் தக்கதாகவே செய்திருக்கிறார்கள். கரையோர ஊர்களில் உப்புக்காற்றுதான் பகை, தகடுகளை அரித்துவிடும். சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தகடு வளையும்.

ராத்தா சாக்கை அவிழ்த்துவிட்டார். அதற்குள்ளே ஒரு குருவிக்கூடும் இருந்ததாம்!