இருமொழிப் பிள்ளை என்றால் குறைப்பிள்ளையா?

டென்மார்க் பாடசாலைகளில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. தமிழில் சொன்னால் "இருமொழிப் பிள்ளைகள்". கேட்க நல்லாய்த்தான் இருக்கும். ஆனால் டெனிசும் ஆங்கிலமும் சரளமாகப் பேசும் ஒரு டெனிஸ்காரப் பிள்ளையை யாரும் அப்படிச் சொல்வதில்லை. டெனிஸ் தாய்மொழி இல்லாத, வெளிச் சமூகத்தோடு பழகித்தான் டெனிஸ் கற்கிற பிள்ளை என்பதே சட்டம் தரும் விளக்கம். நடைமுறையில் அது "டெனிஸ் போதாத பிள்ளை" என்றாகிவிட்டது. இரண்டு மொழி தெரிந்திருப்பது இங்கே ஒரு குறை!

ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்து, 1986இல் அகதியாக வந்து, பிறகு இங்கே இருமொழி ஆசிரியராகப் பல வருடங்கள் வேலை செய்தவன் நான். அந்த நாட்களில் பத்து, பன்னிரண்டு வயதில் வந்து சேர்ந்த பிள்ளைகள் பலர். தமிழ் அகதிகள் குடும்பங்களைக் கூப்பிடும் விண்ணப்பங்களை நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் 1987இல் கிடப்பில் போடவைத்ததும், அந்த விவகாரத்தில் 1993 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகியதும், 1995இல் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டதும் பழைய ஆட்களுக்கு ஞாபகமிருக்கும். தகப்பனைக் காணாமல் காத்திருந்து வந்த அந்தப் பிள்ளைகள் வெறுந்தலையோடு வரவில்லை. பின்னம், தசமம் எல்லாம் தமிழில் படித்திருந்தார்கள்.

ஒரு பிள்ளைக்கு "ஃபெம்-ஒ-தியூவ" என்று சொன்னால் 52 என்று எழுதும். கணக்கு வராது என்று முடிவுகட்டிவிடுவார்கள். டெனிசில் ஒன்றுகளை முதலில் சொல்லி "ஐந்தும் இருபதும்" என்பார்கள். தமிழில் பத்துகள்தான் முதலில். பிள்ளை காதில் விழுந்த ஒழுங்கிலேயே எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்! ஐம்பதுக்கு "ஹல்திரெஸ்" என்கிறார்களே, அது இரண்டரை இருபது என்ற பழைய கணக்கின் சுருக்கம். இதை ஐந்து நிமிடம் தமிழில் விளங்கப்படுத்தினால் போதும். அதேபோல் "பில்" என்பதற்கு ஒரு எழுத்தில் கார், இன்னொரு எழுத்தில் அம்பு. எங்களுக்கு இரண்டுக்கும் ஒரே "ப". பிழை எங்கேயிருந்து வருகிறது என்று இரண்டு மொழியும் தெரிந்தவனுக்குத்தான் தெரியும்.

முதல்மொழியில் பெற்ற அறிவு இரண்டாம் மொழியைத் தாங்கும் என்று கனடாவில் ஜிம் கமின்ஸ் என்ற கல்வியாளர் 1979இலேயே எழுதினார். ஆனாலும் 2002இல் டென்மார்க் அரசு, தாய்மொழி வகுப்பு நடத்தும் கடமையிலிருந்து நகரசபைகளை விடுவித்தது. ஐரோப்பிய ஒன்றிய, பொருளாதார வலய நாடுகள், பரோ தீவுகள், கிரீன்லாந்துப் பிள்ளைகளுக்கு மட்டும் அந்த உரிமை தொடர்ந்தது. அதாவது ஜேர்மன் தாயின் மொழிக்கு உரிமை உண்டு, தமிழ்த் தாயின் மொழிக்கு இல்லை. என் வேலையும் அதோடு போனது. வேலை போனதைவிட, அந்தப் பாகுபாடுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

சரி, அரசை மட்டும் சொல்லி என்ன? "வீட்டிலும் டெனிஸ் பேசுங்கள்" என்று யாரோ சொல்ல, எம்மவர் பலர் தங்கள் அரைகுறை டெனிசைப் பிள்ளைக்கு ஊட்டினார்கள். பிள்ளை நல்ல டெனிசை வகுப்பிலும் விளையாட்டுத் திடலிலும் எப்படியும் படிக்கும். வீட்டில் பிழையான டெனிஸ் கேட்பதால் அதற்கு ஒரு லாபமும் இல்லை. தமிழ்தான் நட்டம்.

"சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலைக்கு விடுகிறோமே" என்பீர்கள். நல்லது, விடுங்கள். ஆனால் வீட்டில் "சாப்பிட்டியா, படிச்சியா, படு" என்ற மூன்று வசனத்தோடு தமிழ் நின்றுவிட்டால் இரண்டு மணித்தியால வகுப்பு என்ன செய்யும்? தேர்தல், காலநிலை, காதல், உங்கள் வேலையிடத்துச் சண்டை எல்லாவற்றையும் தமிழில் பேசுங்கள். பிள்ளை டெனிசில் பதில் சொன்னாலும் நீங்கள் தமிழை விடாதீர்கள்.

இது பண்பாட்டுப் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. எங்கள் தலைமுறைக்கு வயது போய்விட்டது. மறதிநோய் வந்தால் பிந்திப் படித்த மொழி முந்திப் போவது பலரிடம் காண்கிற விடயம். நாளைக்கு முதியோர் இல்லத்தில் எங்களிடம் தமிழ் மட்டும் மிஞ்சியிருக்கும்போது, பார்க்க வரும் பிள்ளையிடம் என்ன மொழி இருக்கும்?

யோசியுங்கள்.