கதவு திறந்த பிறகு

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 14 பேர் கொண்ட ஒரு பாட்டுக் குழு இருக்கிறது. பெயர் விஃபன்பூஃப்ஸ். அகராதியில் அர்த்தம் தேட வேண்டாம். மேடை நகைச்சுவை ஒன்றில் வந்த உளறல் சொல் அது. 1909ல் தொடங்கிய குழு. வால் கோட்டும் வெள்ளைக் கையுறையும் அணிந்து, வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடுவார்கள். இந்தப் பாணிக்கு அ கபெல்லா என்று பெயர். 'தேவாலயத்தில் பாடுவது போல' என்று இத்தாலிய மொழியில் பொருள். பின்னாளில் பிராட்வே இசையில் கொடிகட்டிப் பறந்த கோல் போர்ட்டர் மாணவப் பருவத்தில் இந்தக் குழுவில் பாடியவர். நியூ ஹேவன் நகரில் மோரீஸ் என்ற கிளப்தான் இவர்கள் வழக்கமாகக் கூடிப் பாடும் இடம்.

எல்லாம் அழகுதான். ஆனால் 1969 வரை யேலின் இளநிலைப் படிப்பில் பெண்களுக்கு இடம் இல்லை. படிக்க இடம் கிடைத்த பிறகும் மோரீஸ் கிளப் அவர்களை உறுப்பினர்களாகச் சேர்க்க மறுத்தது. மதுபான உரிமம் சம்பந்தமான சட்டப் போராட்டத்துக்குப் பிறகே 1974ல் இறங்கி வந்தது. பாட்டுக் குழுவோ அப்போதும் அசைந்து கொடுக்கவில்லை.

கதவு சாத்தியிருக்கும்போது வெளியே நிற்பவர்கள் என்ன செய்வார்கள்? சிலர் தட்டுவார்கள். சிலர் பக்கத்திலேயே இன்னொரு வீடு கட்டுவார்கள். அமெரிக்கக் கல்லூரி மாணவிகள் இரண்டையும் செய்தார்கள். கட்டும் வேலை முன்னதாகவே ஆரம்பித்துவிட்டது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்தாம்ப்டன் என்ற ஊரில் ஸ்மித் கல்லூரி இருக்கிறது. சோஃபியா ஸ்மித் என்ற பெண்மணி தன் சொத்தைப் பெண்களின் உயர்கல்விக்காக எழுதி வைத்ததால் பிறந்த கல்லூரி. 1875ல் வகுப்புகள் தொடங்கின. அங்கே 1936ல் மாணவிகள் சிலர் ஒரு குழு அமைத்து, அதற்கு ஸ்மிஃபன்பூஃப்ஸ் என்று பெயர் வைத்தார்கள். யேல் ஆண்களுக்கு விளையாட்டாக ஒரு குட்டு. அமெரிக்கக் கல்லூரிகளின் பெண்கள் அ கபெல்லா குழுக்களில் மிகப் பழையது என்று சொல்லப்படுவது இதுதான். தொடர்ந்து மற்ற இடங்களிலும் முளைத்தன. பிரின்ஸ்டன் 1969ல் மாணவிகளைச் சேர்த்தது. இரண்டே வருடத்தில், 1971ல், அங்கே டைகர்லிலீஸ் என்ற குழு வந்துவிட்டது. யேலில் இறுதியாண்டு மாணவிகள் 'விம் அன் ரிதம்' என்ற குழுவை 1981ல் தொடங்கினார்கள். அப்போது விஃபன்பூஃப்ஸுக்கு வயது 72.

பெண்கள் மட்டும் சேர்ந்து வாத்தியம் இல்லாமல் பாடுவதில் ஒரு சங்கடம் உண்டு. ஆண் குரல் பொதுவாகப் பெண் குரலைவிடக் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழே நிற்கிறது. பதின்வயதில் ஆணின் குரல்நாண்கள் நீண்டு தடிப்பதால் வரும் வித்தியாசம். ஆண்கள் குழு மந்தர ஸ்தாயியில் அஸ்திவாரம் போட்டுக்கொண்டு, தேவைப்பட்டால் கள்ளக் குரலில் மேலேயும் ஏறிவிடும். பெண்கள் குழுவுக்கு அந்த அஸ்திவாரம் கிடையாது. நான்கு குரல் வரிசைகளும் குறுகலான இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சுரங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஒருத்தி மயிரிழை விலகினாலும் காதில் குத்தும். ஆண்களுக்கு எழுதிய இசையமைப்பை அப்படியே தூக்கிப் பாட முடியாது. தங்களுக்கென்று புதிதாக எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டாம் ஆல்ட்டோ எனப்படும் கீழ்க்குரல்காரிக்கு இதனால் ஏகக் கிராக்கி. ஆனால் மெட்டு பெரும்பாலும் மேல்குரல்காரிகளுக்குத்தான் போகும். கட்டடத்தைத் தாங்குகிறவளை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை.

இன்னொன்று சுருதி. நம் பாடகருக்குப் பின்னால் தம்புராவோ, அதுவும் இல்லையென்றால் சுருதிப் பெட்டியோ இருக்கும். பாதை தவறினால் திரும்பி வர ஒரு வீடு. இங்கே ஆரம்பத்தில் ஒருத்தி உள்ளங்கையளவு சுருதிக் குழலை ஒரு தடவை ஊதுவாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொருத்திக்கும் மற்றவர்கள்தான் தம்புரா. பாட்டு முடிவதற்குள் மொத்தக் குழுவும் அரை சுரம் கீழே இறங்கியிருக்கலாம். எல்லோரும் சேர்ந்தே இறங்குவதால் ஒருவருக்கும் தெரியாது. மறுபடி குழலை ஊதிப் பார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

பெண்கள் குழுவுக்கு அடிக்குரல் இல்லை என்ற கேலி பழையது. டஃப்ட்ஸ், வர்ஜீனியா பல்கலைக்கழகங்களின் இரண்டு ஆண்கள் குழுக்களையும், ஆரிகன் பல்கலைக்கழகத்தின் டிவிசி என்ற பெண்கள் குழுவையும் பின்தொடர்ந்து மிக்கி ராப்கின் 2008ல் ஒரு புத்தகம் எழுதினார். அதிலிருந்து பிறந்த 'பிட்ச் பெர்ஃபெக்ட்' படம் 2012ல் வந்து சக்கைபோடு போட்டது. படத்தின் நாயகிகள் பெண்கள் குழுதான். ஆனால் அந்தப் படத்திலும் அடிக்குரல் கேலி தப்பவில்லை. நிஜப் போட்டிகளில் கேலிக்குப் பதில் கிடைத்திருக்கிறது. 1996ல் தொடங்கிய கல்லூரி அ கபெல்லா சாம்பியன்ஷிப்பை 2007ல் வென்றது பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் பெண்கள் குழுவான நோட்வொர்தி.

ஆனாலும் பெரிய மேடை என்றால் ஆண்கள் ஞாபகம்தான் முதலில் வருகிறது. நமக்குத் தெரிந்த உதாரணமே போதும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இந்திய வம்சாவளி மாணவர்கள் 1996ல் ஆரம்பித்த பென் மசாலா, இந்திப் பாட்டையும் ஆங்கிலப் பாட்டையும் கலந்து பாடிப் புகழ் பெற்ற குழு. 2009ல் வெள்ளை மாளிகை தீபாவளியிலும், 2023ல் பிரதமர் மோடிக்கு அங்கே நடந்த அரசு விருந்திலும் பாடியது. அதுவும் ஆண்கள் குழு.

இனி யேலுக்குத் திரும்புவோம். 2018 பிப்ரவரியில் விஃபன்பூஃப்ஸ் முதல்முறையாக ஒரு மாணவியைச் சேர்த்துக்கொண்டது. 109 வருட வழக்கம் முடிந்தது. உலகப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. அதே சமயம் வந்த இன்னொரு அறிவிப்புக்கு அத்தனை வெளிச்சம் இல்லை. விஃபன்பூஃப்ஸ், விம் அன் ரிதம் இரண்டுமே இனி ஆண், பெண் பார்க்காது, குரலைத்தான் பார்க்கும். முதல் குழு டெனர், பேஸ் எனும் கீழ்க்குரல்களுக்கு. இரண்டாவது சொப்ரானோ, ஆல்ட்டோ எனும் மேல்குரல்களுக்கு.

காகிதத்தில் நியாயம்தான். இசைக்காரர்களுக்கும் ஆட்சேபம் இருக்காது. இருந்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். டெனர் குரல் வாய்த்த பெண்கள் எத்தனை பேர்? மிகச் சிலர். மற்ற மாணவிகளுக்குப் பழைய கதவு திறந்திருந்தும் உள்ளே போக வழியில்லை. குரல் கீழே இருந்தால் 1909லிருந்து சேர்ந்த பெயர், பழைய மாணவர் பட்டாளம், உலகம் சுற்றும் பயணம். அதற்காகவே ஒரு வருடம் படிப்பை ஒத்திப்போடுகிற அளவுக்கு நீளமான பயணம். குரல் மேலே இருந்தால் 1981லிருந்துதான் கணக்கு. அவர்களும் வெளிநாடு போய்ப் பாடுகிறார்கள்; ஆனால் கோடை விடுமுறைக்குள் முடித்துக்கொண்டு திரும்பும் பயணமாகவே அது பழக்கப்பட்டிருந்தது.

இதற்காக அந்த ஒரு மாணவியின் வெற்றியைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. தட்டியவர்கள் தட்டியிராவிட்டால் கதவு திறந்திருக்காது. ஆனால் திறந்த கதவைப் பார்த்துக் கைதட்டிவிட்டு, பக்கத்து வீட்டை மறந்துவிடுகிறோம். வெளியே நிறுத்தப்பட்டதால் கட்டிய வீடு என்றாலும் அதில் ஒரு வித்தை வளர்ந்திருக்கிறது. நெருக்கமான சுரங்களில் பிசிறில்லாமல் பாடுவது, தங்கள் குரலுக்கேற்ற இசையமைப்பு, கீழ்க்குரல்காரியைத் தேடிப் பிடித்துத் தயார் செய்வது, எல்லாமே பெண்கள் தாங்களே கற்று அடுத்த வருடத்து மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தவை. ஸ்மித் கல்லூரி இளநிலைப் படிப்பில் இன்றும் பெண்களையே சேர்ப்பதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதமும் ஏறக்குறைய இதுதான்: தலைமை தாங்க, தப்பு செய்ய, திருத்திக்கொள்ள ஓர் இடம்.

சமத்துவம் என்றால் பழைய குழுவில் ஒரு நாற்காலி என்று நின்றுவிடக் கூடாது. புதிய குழுவுக்கும் அதே சம்பளம், அதே மேடை, அதே நீளப் பயணம் கிடைக்க வேண்டும். நிகழ்ச்சிக்கு அழைப்பவர்கள் முதலில் யாருக்குப் போன் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. பெரிய விதி மாற்றம் எதுவும் தேவைப்படாத வேலை. ஒருவேளை அதனால்தான் தாமதமாகிறதோ என்னவோ.