கம்பிக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

சிகாகோவில் 1893 உலகக் கண்காட்சிக்காக எழுப்பிய கட்டடம் ஒன்று பிறகு ஃபீல்ட் அருங்காட்சியகமாயிற்று. சில ஆண்டுகளிலேயே அதன் வெளிப்பூச்சு உதிரத் தொடங்கியது. விலங்குகளைப் பாடம் செய்யும் வேலையில் அங்கிருந்த கார்ல் ஏக்லி, காற்றழுத்தத்தால் சாந்தைப் பீய்ச்சும் கருவி ஒன்றை அதற்காக உருவாக்கினார். 1911-இல் காப்புரிமையும் பெற்றார். ஆக, இப்படிப் பீய்ச்சி அடிக்கும் ஷாட்கிரீட் பிறந்ததே பழுது பார்க்கத்தான். நம் ஒப்பந்ததாரர்கள் இதை இன்றும் 'கனைட்டிங்' என்கிறார்கள்.

பழைய பாலத்துக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் இது பொருந்தக் காரணம் உண்டு. பலகை அடைக்க வேண்டியதில்லை. வளைந்த பரப்பிலும் தலைக்கு மேலும் அடிக்கலாம். வந்து மோதும் வேகத்திலேயே கலவை நெருக்கமாக அழுந்திவிடும். உலர்முறையில் தண்ணீர் குழாய் முனையில்தான் சேரும். ஈரமுறையில் முன்பே கலந்து வரும். எந்த முறை என்பது பெரிய சண்டைக்குரிய விஷயம் இல்லை.

சண்டை போட வேண்டிய இடம் வேறு. கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளிருக்கும் கம்பியைக் காக்கிறது. உப்போ கரியமில வாயுவோ உள்ளே இறங்கினால் அந்தக் காப்பு போய்விடும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். மேல் கான்கிரீட் பிளந்து விழும். விழுந்த இடத்தை மட்டும் கொத்திப் புதுக் கலவை அடித்தால் போதும் என்று தோன்றும். கடலோரக் கட்டடங்களில் அது ஏமாற்று வேலையாகவே முடியும். இதுவரை ஓரிடத்தில் துரு பிடித்ததால்தான் பக்கத்துக் கம்பி தப்பித்திருந்தது. அந்த இடம் சரியானதும், உப்பு ஊறிய பழைய கான்கிரீட்டில் கிடக்கும் பக்கத்துக் கம்பி அரிக்கத் தொடங்கும். சில ஆண்டுகளில் ஒட்டின் ஓரத்திலேயே புது விரிசல்!

ஆகவே சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொள்ளலாகக் கேட்கும் இடத்தோடு நிற்காமல், உப்பின் அளவையும் சோதித்து, கம்பிக்குப் பின்பக்கம் விரல் நுழையும் அளவுக்கு வெட்ட வேண்டும். துருவை முழுக்க நீக்கி, பரப்பை நனைத்து, மேலே தண்ணீர் தேங்காமல் துடைத்த பிறகே அடிக்கலாம். நம் டெண்டர்களில் அடிக்கும் பரப்புக்குச் சதுர மீட்டர் கணக்கில் தாராளமாகத் தொகை போடுவார்கள், கொத்துவதற்குக் கஞ்சத்தனம். பிறகு யார் ஆழமாகக் கொத்துவார்கள்?

அடுத்தது, குழாய் பிடிப்பவரின் கை. சுவருக்குச் செங்குத்தாக, ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் மணலும் ஜல்லியும் தெறித்துத் திரும்பும். அதில் ஒரு பகுதி கம்பியின் முதுகில் சிக்கிப் பொடிமணல் பையாக உட்கார்ந்துகொள்ளும். வெளியே பார்த்தால் சுவர் வழவழவென்றிருக்கும். கீழே விழுந்ததை அள்ளி மீண்டும் கலவையில் போடுவதும் தவறு. அதில் சிமெண்ட் குறைவு.

கம்பிக்குப் பின்னால் மறையும் இந்தக் குறையைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அசல் வேலையில் உள்ளபடியே கம்பி கட்டிய பலகை ஒன்றில், அதே ஆளை, அதே கருவியால் முதலில் அடிக்கச் சொல்லி, இறுகியபின் அறுத்துப் பார்ப்பது. கம்பிக்குப் பின்னால் ஓட்டை இருந்தால் அவர் இன்னும் பழக வேண்டும். இந்தச் சோதனை முடியாமல் எந்தப் பொறியாளரும் வேலை தொடங்கக் கையெழுத்திடக் கூடாது. அதற்கான செலவையும் டெண்டரிலேயே தனி வரியாகக் காட்ட வேண்டும்.