தேய்மானம் என்றொரு சொல்



மொழியாசிரியர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் செய்தியை விட்டுவிட்டுச் சொல்லைப் பிடித்துக்கொள்வோம். சென்ற ஆண்டு ஒரு மருத்துவர் என் வலது முழங்காலின் எக்ஸ்ரே படத்தைத் திரையில் காட்டி, "தேய்மானம் ஆரம்பமாயிடுச்சு டீச்சர்" என்றார். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கரும்பலகைக்கும் வெண்பலகைக்கும் முன்னால் நின்றுகொண்டே இருப்பவள். வலி எனக்குப் புதிதன்று. ஆனால் அந்தச் சொல் அன்று முழுவதும் என்னைவிட்டு அகலவில்லை. ஏனெனில், என் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்ததும் அதே சொல்தான்.

அம்மா பேரா மாநிலத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் நெற்றி விளக்கோடு புறப்பட்டு, மேட்டிலும் பள்ளத்திலும் மரத்துக்கு மரம் நடந்து, நண்பகலில் பால் வாளிகளைச் சுமந்துகொண்டு திரும்புவார். அப்படிப்பட்டவருக்கு அறுபத்தைந்து வயதில் முழங்கால் வலி வந்தது. மூட்டு தேய்ந்துவிட்டது என்று கிளினிக்கில் சொன்னார்கள்; வலி மாத்திரையும் தைலமும் கொடுத்தார்கள். மறுநாள் முதல் அவர் கோயிலுக்கு நடப்பதை நிறுத்தினார். பிறகு சந்தைக்குப் போவதை நிறுத்தினார். நான் கடிந்துகொண்டபோது அவர் சொன்ன பதில் இன்னும் நினைவிலிருக்கிறது: "தேஞ்சி போச்சின்னு டாக்டரே சொல்லிட்டாரு. மிச்சம் இருக்கிறதையாவது சேத்து வச்சிக்க வேணாமா?"

அந்தப் பதிலில் குறை காண எனக்கு அப்போது தெரியவில்லை. செருப்பு தேய்கிறது, வண்டிச் சக்கரம் தேய்கிறது. தேயும் பொருளைக் குறைவாகப் பயன்படுத்தினால் நெடுநாள் உழைக்கும். சொல்லுக்கு ஏற்ற முடிவைத்தான் அவர் எடுத்தார். இரண்டே ஆண்டுகளில் அவருடைய தொடைகள் மெலிந்தன. ஒருநாள் குளியலறைப் படியில் தடுமாறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். முழங்காலைச் சேமிக்கப் போய்க் கையை இழந்த கதை என்று வீட்டில் வேடிக்கையாகச் சொல்வோம். எனக்கு அது வேடிக்கையாக இல்லை.

அந்த விழுகையின் காரணம் எனக்குச் சென்ற ஆண்டுதான் விளங்கியது. என்னை அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே ஓர் இளம் மலாய்ப் பெண், "சிக்கு, லுத்துட் சிக்குவுக்கு ஓய்வு வேண்டாம், வேலை வேண்டும்" என்று தொடங்கினார். நம் மூட்டின் குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் நீர்மத்திலிருந்துதான் அது ஊட்டம் பெறுகிறது. காலை ஊன்றும்போது அழுந்தி, எடுக்கும்போது தளர்ந்து, அவ்வாறு அந்த நீர்மத்தை உள்வாங்குகிறது. எனவே அசையாத மூட்டு சேமிக்கப்படும் மூட்டு அன்று, பட்டினி கிடக்கும் மூட்டு. அதனோடு தொடையின் முன்புறத் தசையும் சேர்ந்துகொள்கிறது. நடக்கும்போது விழும் அதிர்வைத் தாங்கவேண்டிய அந்தத் தசை ஓய்வில் மெலிகிறது, மெலிந்தபின் அதிர்வு மூட்டுக்குப் போகிறது, வலி கூடுகிறது, வலி கூடுவதால் மேலும் ஓய்வு. என் அம்மா இந்தச் சுழலில்தான் சிக்கியிருந்தார்.

உடற்பயிற்சியால் போன குருத்தெலும்பு மீண்டும் வளர்ந்துவிடும் என்று நான் எழுதவில்லை. வளராது. ஆனால் எக்ஸ்ரே படமும் வலியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதை மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறியும். படத்தில் மோசமாகத் தெரியும் முழங்காலோடு நன்றாக நடப்பவர்களும் உண்டு. படத்தில் ஒன்றுமே இல்லாமல் அவதிப்படுபவர்களும் உண்டு. ஆகவே படத்தை மட்டும் பார்த்து ஒருவரின் கால்களுக்குத் தீர்ப்பெழுதலாகாது.

டென்மார்க்கில் 2013ஆம் ஆண்டு ஈவா ரூஸ், சோரன் ஸ்கோ என்னும் இரு ஆய்வாளர்கள் 'கிளாட்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். மூட்டு நோய் பற்றிய விளக்க வகுப்புகள் முதலில். பின்னர் வாரம் இருமுறை, ஆறு வாரங்களுக்கு, மேற்பார்வையோடு பன்னிரண்டு பயிற்சி அமர்வுகள். கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அது பரவியது. தசையை வலுவாக்குவதோடு, எழும்போதும் படியேறும்போதும் முழங்கால் உட்புறம் சாயாமல் பாதத்துக்கு நேர்மேலே நிற்கப் பழக்குவது அதன் சிறப்பு. எனக்குக் கற்றுத்தரப்பட்டவையும் ஏறத்தாழ இவ்வகையே. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்தல், தாழ்வான படியொன்றில் ஏறி இறங்குதல், சமையலறை மேடையை விரல் நுனியால் தொட்டபடி ஒற்றைக்காலில் நிற்றல், ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல்களுக்கு முன் வைத்துக் கோட்டில் நடப்பதுபோல் நடத்தல்.

வலித்தது. முதல் இரண்டு வாரங்கள் முன்னைவிட அதிகமாகவே வலித்தது. இங்கேதான் நம்மவர்கள் கைவிட்டுவிடுகிறார்கள் என நினைக்கிறேன். எனக்குச் சொல்லப்பட்ட அளவுகோல் எளிது: பயிற்சியின்போது தாங்கக்கூடிய வலி இருக்கலாம், மறுநாளைக்குள் அது வழக்கமான நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால் அடுத்த முறை அளவைக் குறைக்க வேண்டும், பயிற்சியையே நிறுத்தலாகாது. முழங்கால் சிவந்து சூடாக வீங்கினாலோ மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ அது வேறு கதை. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சமநிலைப் பயிற்சியைப் பற்றி ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், வழக்கமான பயிற்சிகளோடு தடுமாற்றத்தைச் சமாளிக்கும் பயிற்சிகளையும் சேர்த்தவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்துவிடவில்லை. அப்படியிருந்தும் நான் ஒற்றைக்காலில் நிற்கிறேன். வலியுள்ள மூட்டு தான் எங்கே இருக்கிறது என்பதை மூளைக்குச் சரியாகச் சொல்வதில்லை. வலி குறைந்தாலும் காலை நம்பும் தைரியம் தானாக வருவதில்லை. குளியலறைப் படியில் என் அம்மாவிடம் இல்லாமற்போனது அந்தத் தைரியந்தான்.

ஆசிரியர் அறையில் இன்னொன்றையும் அடிக்கடி காண்கிறேன். மூட்டுக்கென்று குளுக்கோசமைன் புட்டிகள் விற்பனைக்கு வரும். விற்பவரும் நம் தோழியே என்பதால் மறுக்க இயலாது, நானும் வாங்கியிருக்கிறேன். 2006இல் அமெரிக்காவில் 1,583 பேரை வைத்து நடத்தப்பட்ட ஆய்வில், மொத்தத்தில் பார்த்தால் குளுக்கோசமைன் வெற்று மாத்திரையைவிட மேலான பயனைத் தரவில்லை. நூறு ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்துப் புட்டி வாங்கும் நாம், ஒரு ரிங்கிட் கட்டணத்தில் அரசு கிளினிக்குக்குச் சென்று பிசியோதெரபிக்குக் கடிதம் கேட்கத் தயங்குகிறோம். காத்திருக்க வேண்டும் என்பது மெய்தான். காத்திருந்தேன், ஏழு வாரங்கள்.

எங்கள் தாமான் பூங்காவில் காலைதோறும் சீன முதியவர்கள் தைச்சி செய்கிறார்கள். மெதுவாக ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றும் கலை அது. 2016இல் வெளிவந்த ஆய்வொன்றில் 204 முழங்கால் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தைச்சியும் மறு பிரிவுக்கு பிசியோதெரபியும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் கிடைத்தது. நம் பெண்கள் அவர்களைக் கடந்து நடந்து போகிறார்கள், நின்று சேர்ந்துகொள்வதில்லை. நானும் பல ஆண்டுகள் அப்படியே கடந்தவள்தான். உடல் எடை உள்ளவர்களுக்கு (என்னையும் சேர்த்துத்தான்) ஒரு செய்தி: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

மருத்துவர்களுக்கு ஒரு தமிழாசிரியையாக நான் வைக்கும் வேண்டுகோள், நம் முதியவர்களிடம் 'தேய்மானம்' என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள் என்பதே. கீல்வாதம் என்று நமக்குப் பழைய சொல் இருக்கிறது. கீல் என்றால் மூட்டு. அதில் தேய்வும் இல்லை, சேமிப்பும் இல்லை. அந்தச் சொல் பிடிக்காவிட்டால், "மூட்டு பலவீனமாக இருக்கிறது, வேலை கொடுத்துப் பலப்படுத்த வேண்டும்" என்று நீட்டியே சொல்லுங்கள். அரை நிமிடம் கூடுதலாகும். கேட்டவர் வீட்டுக்குப் போய் நாற்காலியைத் தேடமாட்டார்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. நான் பயிற்சி செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், நான்கு மாதங்களுக்கு முன் தாமே எழுந்து வந்து சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டார். முதல் நாள் ஒற்றைக்காலில் இரண்டு எண்ணும் வரைகூட நிற்க முடியவில்லை. இப்போது எட்டு வரை எண்ணுகிறார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். பத்துமலைக்கு எப்போது அழைத்துப் போவாய் என்று கேட்கிறார். 272 படிகள், இதுவரை நான் பதில் சொல்லவில்லை. வீட்டு வாசலின் மூன்று படிகளில் கைப்பிடியைத் தொடாமல் இறங்குகிறார். நாற்காலியிலிருந்து எழும் பயிற்சி மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. தொலைக்காட்சித் தொடரின் விளம்பர இடைவேளைகளில் செய்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.