தண்ணீர் தராத கோச்சுக்கு எங்கள் கைதட்டல் இல்லை

ஊக்கப் பேச்சுக்காரர்கள் அடிக்கடி எடுத்து விடுகிற கதை ஒன்று இருக்கு. 1954ஆம் ஆண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரிக்கு பால் 'பெயார்' பிரையன்ட் என்று ஒரு புதிய பயிற்றுவிப்பாளர் வருகிறார். நம்ம ஊர் உதைபந்து இல்லை, கையில் தூக்கிக்கொண்டு ஓடி இடிபடுகிற அமெரிக்க ஃபுட்போல். சீசன் தொடங்குவதற்கு முன், நூறு பேர் அளவிலான மாணவர்களை பஸ்ஸில் ஏற்றி, மழை பொய்த்துக் காய்ந்து கிடந்த ஜங்ஷன் என்ற சின்ன ஊருக்குக் கொண்டு போகிறார். பத்து நாள் முகாம். 38 பாகைக்கு மேல் வெயில். கல்லும் முள்ளும் கிடந்த தரை. பயிற்சி நேரத்தில் தண்ணி கிடையாது. ஒரு பையன் வெப்பத்தில் சுருண்டு விழுந்து சாகிற நிலைக்குப் போய் மீண்டான். பலர் இரவோடு இரவாகப் பெட்டியைக் கட்டினார்கள். முடிவில் மிஞ்சியவர்கள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. இரண்டு வருஷம் கழித்து, 1956ல், அதே கல்லூரி ஒரு ஆட்டமும் தோற்காமல் தன் பிராந்தியத்தின் சாம்பியன்!

"பார்த்தீங்களா, உடைச்சாத்தான் உருவாக்க முடியும்" என்று கதை முடியும். கைதட்டல். 1999ல் புத்தகமாக வந்தது, 2002ல் தொலைக்காட்சிப் படமாகவும் வந்தது.

நாங்கள் கைதட்டப் போவதில்லை. ஏன் என்று சொல்கிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அந்த முகாம் முடிந்த கையோடு ஆடிய 1954 சீசனில் அந்த அணி பத்து ஆட்டம் ஆடியது. வென்றது ஒன்று, தோற்றது ஒன்பது. பிரையன்டின் நீண்ட பயிற்சி வாழ்க்கையில் வெற்றியை விடத் தோல்வி கூடிய சீசன் அது ஒன்றுதான். கதை சொல்கிறவர்கள் இந்த ஒன்பதை ஒரே மூச்சில் தாண்டி 1956க்குக் குதித்துவிடுவார்கள். சரி, 1956க்கே வருவோம். அந்த அணியில் இருந்த பலர் ஜங்ஷனை மிதிக்கவே இல்லை. அடுத்த வருஷம் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போலின் மிகப்பெரிய விருதான ஹெய்ஸ்மனை வென்ற ஜோன் டேவிட் குரோ 1954ல் முதலாம் ஆண்டு மாணவர், அவர் முகாமுக்குப் போகவில்லை. அதோடு, வீரர்களைச் சேர்த்த முறையில் விதிமீறல் என்று 1955ல் அந்தக் கல்லூரிக்குத் தண்டனை விழுந்தது. அதனால்தான் 1956ல் சாம்பியனாகியும் சீசன் முடிவில் நடக்கும் கிண்ண ஆட்டம் எதற்கும் அவர்களால் போக முடியவில்லை. ஆக, வெற்றிக்குப் பின்னால் நல்ல ஆட்களைத் தேடிப் பிடித்த வேலை இருந்தது, அதில் விதியை மீறியதும் இருந்தது. அதையெல்லாம் மறைத்துவிட்டு, தண்ணி குடுக்காததால ஜெயிச்சாங்கன்னு சொன்னா எப்படி?

இரண்டாவது காரணம் எங்கள் சொந்தக் கணக்கு. நாங்கள் மலையகத்துப் பிள்ளைகள். விடிகாலையில் ஆட்களைப் பெரட்டுக் களத்தில் நிறுத்தி, எண்ணி, மலைக்கு விரட்டுவது எங்கள் வீடுகளில் கதையாகச் சொல்லப்பட்ட விஷயம் இல்லை, அனுபவிக்கப்பட்ட விஷயம். கிலோ குறைஞ்சா அரைப்பேர். மழையா, அட்டையா, காய்ச்சலா என்று நிறுவைத் தராசு கேட்காது. "இவங்கள இப்படி விரட்டினாத்தான் வேலை நடக்கும்" என்று நம்பிய தொரைமாரும் கங்காணிமாரும்தான் எங்கள் பூட்டன் பூட்டியை மேய்த்தார்கள். சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் அது குற்றம், சிறைக்கும் அனுப்பலாம். கங்காணியிடம் பட்ட கடன் எழுதிய 'துண்டு' கையோடு வரும், அந்தக் கடனை இன்னொரு தோட்டம் கட்டினால்தான் ஆள் இடம் மாறலாம். 1921ல் சட்டம் போட்டு அதை ஒழிக்க வேண்டியிருந்தது. அப்படித் தப்பிப் போனவனுக்கு வைத்த பெயர் ஓடுகாலி.

ஜங்ஷனில் இரவில் பெட்டி கட்டிய பையன்களையும் கதை அப்படித்தான் நடத்துகிறது. ஓடினவன் கோழை, நின்றவன் வீரன். எங்களுக்கு அந்த இரவில் கிளம்பியவர்கள் மேல்தான் மரியாதை. உடம்பு என்னுடையது, இதற்கு மேல் முடியாது என்று பத்தொன்பது, இருபது வயதில் சொல்ல ஒரு தைரியம் வேணும். அந்த உரிமை எங்கள் முன்னோருக்கு இருந்திருந்தால் மலையகத்தின் வரலாறே வேறு.

மூன்றாவது காரணம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. அதன் பெயர் பகிடிவதை. பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த முதல் வாரத்திலேயே காதில் விழுகிற நியாயத்தைக் கவனியுங்கள். "உங்கள உடைச்சு ஒண்ணாக்குறோம்." "இதைத் தாங்கினவன்தான் வெளியில தாங்குவான்." வசனம் ஜங்ஷன் வசனமேதான். 1997ல் பேராதனையில் ஒரு பொறியியல் பீட மாணவர், பகிடிவதையில் கட்டாயமாகச் செய்விக்கப்பட்ட உடற்பயிற்சியால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த வருஷம், 1998ல், 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. அவர் பலவீனமானவர் என்று யாராவது சொல்வார்களா? அளவுக்கு மீறி வதைத்தால் தசை சிதையும், சிதைந்த தசை சிறுநீரகத்தை அடைக்கும். மனவலிமைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஜங்ஷனில் அந்தப் பையன் பிழைத்தது பயிற்சியின் சிறப்பு இல்லை, அதிர்ஷ்டம். அவன் செத்திருந்தால் இதே கதையை ஊக்கப் பேச்சு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"அந்தக் காலத்தில் எல்லாக் கோச்சும் அப்படித்தான்" என்பார்கள். பெருமளவு உண்மை. தண்ணி குடித்தால் ஆள் சோம்பிப் போவான் என்று அன்றைக்குப் பலர் நம்பினார்கள். அப்படியென்றால் அதை அறியாமையின் வரலாறாகச் சொல்லுங்கள், இன்றைய பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக வைக்காதீர்கள்.

"கஷ்டப்படாம ஜெயிக்க முடியுமா?" என்றும் கேட்பார்கள். முடியாது. கடும் பயிற்சிக்கு நாங்கள் எதிரி இல்லை. ஒரே பந்தை ஆயிரம் தடவை போடுவது பயிற்சி, அதில் ஒருவன் வளர்கிறான். வெயிலில் தண்ணி தராமல் ஓடவிடுவது வடிகட்டல், அதில் யார் விழவில்லை என்பது மட்டும்தான் தெரியவரும். உதாரணம் தூரத்தில் இல்லை. முத்தையா முரளிதரனின் தாத்தா தேயிலைத் தோட்ட வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் முரளி வேகப்பந்து போட்டுக்கொண்டிருந்தார். பதினாலு வயதில் அவரைச் சுழற்பந்துக்கு மாறச் சொன்னவர் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ. மிச்சம் 800 டெஸ்ட் விக்கெட். கோச்சின் வேலை அந்தக் கண்தான். இந்தப் பையனிடம் என்ன இருக்கு என்று பார்க்கிற கண்.

1950களின் கல்லூரி அணி ஒன்றைத்தான் கொண்டாட வேண்டும் என்றால், ஜங்ஷனுக்கு மூன்று வருஷம் முந்திப் போவோம். 1951ல் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணி ஒன்பது ஆட்டம் ஆடி ஒன்பதும் வென்றது. அணியில் ஒலி மட்சன், பெர்ல் டோலர் என்று இரண்டு கறுப்பின வீரர்கள். அவர்களை விட்டுவிட்டு வந்தால் தெற்கே கிண்ண ஆட்டத்துக்கு இடம் கிடைக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, மொத்த அணியும் மறுத்தது. கிண்ணம் கிடைக்கவில்லை. பணமில்லாமல் அந்த வருஷத்தோடு பல்கலைக்கழகம் அணியையே கலைத்தது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொண்டதோ 1963ல்தான். எந்த அணிக்கு மன உறுதி அதிகம் என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கு மன உறுதி குறைவு, அதனால்தான் மலையகத்திலிருந்து வீரர்கள் வருவதில்லை என்று சொல்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. நுவரெலியா நகரத்தின் நடுவில் 1889ல் தொடங்கிய கொல்ஃப் கழகம் இன்னும் பதினெட்டுக் குழிகளோடு பச்சைப்பசேல் என்று கிடக்கிறது. எத்தனையோ தோட்டப் பாடசாலைகளில் பந்தை ஓங்கி உதைத்தால் அது தேயிலைக்குள் உருண்டு கீழ் லயத்துக்குப் போய்விடும், எடுத்து வருவதற்குள் இடைவேளை முடிந்துவிடும். காலைச் சாப்பாடு இல்லாமல் மைல் கணக்கில் ஏறி இறங்கி வருகிற பிள்ளைக்கு இன்னும் என்ன கஷ்டம் குடுத்து உறுதியாக்கப் போறீங்க? ஜங்ஷன் எங்களுக்குப் பத்து நாள் முகாம் இல்லை. இருநூறு வருஷமாக அங்கேதான் இருக்கிறோம்.

எங்களுக்கு வேண்டியது தட்டையான ஒரு மைதானம், பயிற்சிக்கு முன் ஒரு வேளை சாப்பாடு, கோட்டுக்கு வெளியே ஒரு குடம் தண்ணி, முடியவில்லை என்று சொன்னால் நிறுத்துகிற ஒரு கோச். அதற்குப் பிறகு தோற்றால், அப்போது எங்கள் மன உறுதியைப் பற்றிப் பேசுங்கள்.