கணனிப் பக்கம்: சுற்றுப்பலகை வரைய எந்த மென்பொருள்?



"மகன் பாடசாலையில் மின்னணுவியல் குழுவில் சேர்ந்திருக்கிறான். சுற்றுப்பலகை வரைய மென்பொருள் வேண்டுமாம். மாதாமாதம் காசு கட்ட எங்களுக்கு வசதியில்லை. என்ன செய்யலாம்?" என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். வேறு சில பெற்றோருக்கும் இதே கேள்வி இருப்பதால் இம்முறை இதையே எடுத்துக்கொள்கிறோம்.

வானொலிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு பச்சைத் தகடு தெரியும். கம்பிகளுக்குப் பதிலாக அதில் செப்புக் கோடுகள் ஓடும். இங்கே அதைப் 'பிளாட்டீன' என்பார்கள். மென்பொருளில் முதலில் சுற்றின் வரைபடத்தைப் போடுகிறோம். பிறகு உறுப்புகளைத் தகட்டில் அடுக்கிக் கோடுகளை இழுக்கிறோம். கடைசியில் 'கெர்பர்' எனப்படும் கோப்புகளாக எடுத்துத் தகடு செய்யும் நிறுவனத்துக்கு அனுப்புகிறோம். நாலைந்து உறுப்புகள் மட்டுமென்றால் இவை எதுவும் வேண்டாம். துளையிட்ட தகடு ஒன்றை வாங்கி ஒட்டுவதே மலிவு.

இந்த நாட்டில் பலரும் முதலில் சொல்லும் பெயர் 'ஈகிள்'. பவேரியாவில் பிளைஸ்கிர்ஷன் என்ற சிறிய ஊரிலிருந்த காட்சொஃப்ட் நிறுவனம் 1988இல் அதை வெளியிட்டது. 100க்கு 80 மில்லிமீற்றர் வரையான தகடுகளை வரைய இலவசப் பதிப்பு இருந்ததால் பொழுதுபோக்காளர்கள் அதையே விரும்பினார்கள். 2016இல் அமெரிக்காவின் ஓட்டோடெஸ்க் அதை வாங்கியது. ஒருமுறை காசு கொடுத்து வாங்கும் முறை 2017இல் போய், சந்தா முறை வந்தது. 2026 ஜூன் 7ஆம் திகதியுடன் ஈகிளின் விற்பனையும் ஆதரவும் முடியும் என்று 2023இல் அறிவித்தார்கள். ஆகவே பழைய புத்தகங்களைப் பார்த்துப் பிள்ளைகள் இனி ஈகிளில் தொடங்க வேண்டாம்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று. இன்று இலவசமா என்று மட்டும் கேட்டால் போதாது. பிள்ளை இரவிரவாக இருந்து வரைந்ததை ஐந்து வருடம் கழித்தும் திறக்க முடியுமா என்றும் கேட்க வேண்டும். வாடகை வீட்டுக்காரர் மனம் மாறினால் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதனால் நாங்கள் முதலில் சொல்வது 'கீகாட்'. பிரான்சின் கிரெனோபிள் நகரில் ஜோன் பியர் ஷராஸ் என்பவர் 1992இல் தொடங்கியது. பின்னர் ஜெனீவாவின் சேர்ன் ஆய்வு நிலையமும் அதன் வளர்ச்சிக்குக் கைகொடுத்தது. இதற்குக் கட்டணம் இல்லை. தகட்டின் அளவுக்கு இலவசப் பதிப்பு என்ற கட்டுப்பாடும் இல்லை. மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதால் ஒரு நிறுவனம் நினைத்தவுடன் பூட்டிவிட முடியாது. விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். டொச் மொழியிலும் வைத்துக்கொள்ளலாம். தொழிற்பயிற்சிக்குப் போகும்போது தேவைப்படும் சொற்கள் அப்படியே பழகிவிடும்.

ஈகிளில் ஏற்கெனவே வரைந்தவர்கள் கலங்க வேண்டாம். ஆறாம் பதிப்பு முதலான ஈகிள் கோப்புகளைக் கீகாட் உள்வாங்கும். ஆனால் மாற்றிய பின் ஒவ்வொரு கோட்டையும் சரிபார்த்துத்தான் தகடு செய்யக் கொடுக்க வேண்டும்.

கீகாட் தொடக்கத்தில் கொஞ்சம் கடினமாகத் தெரியலாம். தகட்டை மட்டும் வரைந்தால் போதும் என்பவர்களுக்கு அபாகொம் நிறுவனத்தின் 'ஸ்பிரின்ட் லேயவுட்' இலகுவானது. ஆனால் அதை விலை கொடுத்து வாங்க வேண்டும், சுற்று வரைபடம் அதில் இல்லை. ஃபுல்டாவுக்கு அருகில் உருவாகும் 'டார்கெட் 3001' மென்பொருளுக்கு இலவசப் பதிப்பு உண்டு, அதற்கு எல்லைகளும் உண்டு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நண்பர் தரும் பூட்டு உடைத்த பிரதிகளை வீட்டுக் கணனியில் ஏற்ற விடாதீர்கள். வழக்கறிஞரின் எச்சரிக்கைக் கடிதமும் பணக் கோரிக்கையும் வீட்டுக்கு வருவது இந்த நாட்டில் புதினமல்ல. நல்ல மென்பொருள் நேர்வழியில் இலவசமாகக் கிடைக்கும்போது அந்தத் தலையிடி எதற்கு?

முதல் தகட்டைச் சிறிதாக, ஒரு விளக்கு மின்னும் அளவில் செய்யச் சொல்லுங்கள். அது எரிந்ததும் எங்களுக்கும் எழுதுங்கள்.